மரகதவல்லிக்கு ஒரு வரி வசனம்

பூந்தோட்டத் தெரு ஏழாம் நம்பர் காம்பவுண்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்த மரகதவல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போனாள். செத்த பிறகு வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முகத்தில் பூசியிருந்த நீலத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறி, வடபழனியில் இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அறந்தாங்கியிலிருந்து அவள் சென்னைக்கு வந்தது சாவதற்காக இல்லை, பேசுவதற்காக. சின்ன வயதிலேயே டிவியில் யாராவது யாரையாவது கேள்வி கேட்டால் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள், அந்தப் பதில் அங்கே வருகிற பதிலைவிட நன்றாக இருக்கும் என்று சத்துணவுக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா பாக்கியமே ஒத்துக்கொள்வாள். கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கியபோது, இனி இந்தப் பெண்ணை ஊரில் வைத்திருக்க முடியாது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் சென்னையில் யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. முதலில் மாடலிங் பண்ணினால் முகம் பழகும், முகம் பழகினால் வாய்ப்பு வரும் என்றார்கள், அதனால் பச்சைச் சேலையில் ஒன்றும் ஜீன்ஸில் ஒன்றும் ஜன்னலோரமாகச் சோகமாக ஒன்றுமாகப் படங்கள் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள், அந்தப் படங்களை எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழாவில் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்கு நடுவே பட்டுச்சேலை கட்டி அசையாமல் நிற்கச் சொன்னார்கள், நின்றாள், வந்தவர்கள் முந்தானையைப் பிடித்துக் கசக்கி ஜரிகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு பெண்மணி இவள் கையைத் தூக்கிப் பார்த்து, "இந்த பொம்மை நல்லா பண்ணியிருக்கான்ல?" என்று கணவரிடம் சொன்னாள். அடுத்து ஒரு நகைக்கடை விளம்பரம் கிடைத்தது, மவுண்ட் ரோட்டில் போர்டு வைத்தார்கள், ஓடிப்போய்ப் பார்த்தால் கழுத்து மட்டும்தான் இருந்தது, தலையை வெட்டிவிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற அம்மாளிடம், "அது என் கழுத்துங்க" என்றாள். அந்த அம்மாள் போர்டைப் பார்த்து, இவள் கழுத்தைப் பார்த்து, "இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆடிஷன்களுக்கும் போனாள். ஐ.டி. கம்பெனிப் பெண் வேடம் என்றால் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறாயே என்றார்கள், கிராமத்துப் பெண் வேடம் என்றால் கிராமத்துக் களை இல்லையே என்றார்கள், புதுமுகம்தான் வேண்டும் என்று கூப்பிட்ட இடத்தில் இதற்கு முன்னால் எந்தப் படத்தில் நடித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். பாதி வசனத்தில் அவர்களுக்கு போன் வரும். போனில் பேசிக்கொண்டே கையால் கதவைக் காட்டுவார்கள். மிச்சப் பாதி வசனத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசித் தீர்த்தாள், பக்கெட் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்த காம்பவுண்டு ஜனங்கள் கதவைத் தட்டி, "மரகதம், சீன் முடிஞ்சுதா, நான் ஆபீஸ் போகணும்" என்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் துணை நடிகர் ஏஜெண்ட் பாபுராஜ் ஒரு சீரியலில் கதாநாயகனின் தங்கை வேடம் என்று கூட்டிக்கொண்டு போனார். தங்கை முதல் காட்சியிலேயே விஷம் குடித்துச் செத்துக் கிடக்கிறாள் என்பதைக் கார் பாதி தூரம் போன பிறகுதான் சொன்னார். "கேமரா உன் மூஞ்சிக்கு இவ்ளோ கிட்ட வரும்மா, யாருக்குக் கிடைக்கும்?" என்றார்.

கேமரா கிட்டே வந்தது உண்மை. அதுதான் வினையாகப் போயிற்று. கூடத்தில் பாயில் படுக்கவைத்து மூக்கில் பஞ்சு வைத்து மாலை போட்டார்கள், டைரக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, "மூச்சு தெரியுது" என்றார். மூச்சை அடக்கினாள். "இமை ஆடுது." இமையை இறுக்கினாள். "இறுக்காதம்மா, பொணம் இறுக்குமா?" இறுக்கத்தை விட்டாள். "இப்ப கழுத்துல நரம்பு துடிக்குது, யாருய்யா இதைக் கூட்டிட்டு வந்தது, ஒரு பொணமாப் படுக்கக்கூடத் தெரியாதா?" என்று அவர் கத்தினபோது, லைட்மேன்கள் பெருமூச்சு விட்டபோது, அழுவதற்காக வந்திருந்த பெண்களில் ஒருத்தி உச்சுக் கொட்டினபோது, நெற்றியில் வைத்திருந்த காசு சூடேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மரகதவல்லிக்கு எல்லாவற்றின் மீதும் அப்படி ஒரு அலுப்பு வந்தது. சரி, உங்களுக்கு வேண்டியது இதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொன்னாள். அவள் நெஞ்சு நின்றது. டேக் ஓகே ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பஞ்சை எடுக்க வந்த மேக்கப்காரர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு இருக்கே தாயி" என்றார். பாபுராஜ் அவளைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், தன் நெஞ்சில் வைத்துக் கேட்டார், மறுபடி அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"தூக்கம் வருதா?"

"படுத்தா வருது."

"அப்ப சரி. வெயில்ல ரொம்ப அலையாதீங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பாபுராஜுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. "இனிமே உனக்கு ரீடேக்கே கிடையாதும்மா" என்றார், கண்ணில் தண்ணீர் வர.

செய்தி காம்பவுண்டுக்கு அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா சுலோசனா கேட்டருகே நின்றிருந்தாள், வருகிறவளை உள்ளே விடுவதா, விட்டால் தலை முழுகுவதா, முழுகினால் எல்லோரும் முழுகுவதா என்று பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கடை வைத்திருந்த டெய்லர் உசேன் பாய்தான், "மையத்து வீட்டை விட்டுப் போனா விஷயம் முடிஞ்சுது. இது தினமும் வேலைக்குப் போய் தினமும் திரும்பி வருது, தினமும் முழுகினா தண்ணிக்கு எங்கம்மா போவீங்க?" என்று கேட்டார். தண்ணீர் லாரி வருகிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தக் கேள்வி அப்படியே முடிவாக ஆகிவிட்டது. உள்ளே வரும்போது கால் கழுவிக்கொள்ள வேண்டும், முகூர்த்த நாளில் பின்வாசல் வழியாகப் போக வேண்டும், மற்றபடி குடித்தனக்காரி குடித்தனக்காரிதான்.

பிறகு பூந்தோட்டத் தெரு அவளைப் பழகிக்கொண்டது, புதிதாக வந்த மின்கம்பத்தைப் பழகிக்கொள்வதுபோல. கொசு அவளைக் கடிக்கவில்லை என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள். சவ ஊர்வலம் எதிரே வந்தால், தெருவில் எல்லோரும் ஒதுங்கி நிற்க, இவள் மட்டும் தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையசைப்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனாள், அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் போர்ஷன் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த நாளில் அவள் சும்மா நெற்றியில் கை வைக்க, குழந்தை கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கியது. அன்றிலிருந்து மூன்று தெருத் தாய்மார்கள் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் அறை வாசலில் உட்கார ஆரம்பித்தார்கள். இவளும் சளைக்காமல் கை வைத்தாள். கை வைத்துக்கொண்டே, "அக்கா, ஒரு சீன் புதுசா தயார் பண்ணியிருக்கேன், நடிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்பாள். "பிள்ளை தூங்குதும்மா, சத்தம் போடாத" என்பார்கள்.

அம்மா பாக்கியம் ராத்திரி பஸ் பிடித்து வந்து, வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு முறையாக ஒப்பாரி வைத்தாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள், அழுது முடித்ததும் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்டியாடி?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா."

"என்னத்தச் சாப்ட்ட? உடம்பு எப்படி இளைச்சுப் போச்சு பாரு."

ஊரில் பங்காளிகள் விடவில்லை. செத்தவளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் வீட்டில் நல்லது நடக்காது என்றார்கள், அதனால் அவளுடைய கருமாதிக்கு அவளே அறந்தாங்கி போனாள். கூடத்தில் அவளுடைய பச்சைச் சேலைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை மாட்டி வைத்திருந்தார்கள். சென்னையில் எத்தனையோ ஆபீஸ்களில் கொடுத்த படம். அதை ஒருவர் ஆணியடித்து மாட்டியது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் எல்லோரும் அதை நின்று பார்த்தார்கள். "என்ன களையான முகம், இதை ஒரு சினிமாக்காரனும் பார்க்கலையே" என்று அத்தை ஒருத்தி அழுதாள். மரகதவல்லி பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தையின் இலைக்கு வந்தபோது அவள், "கொஞ்சமாப் போடு ஆத்தா, எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றாள்.

வேலை கொட்டியது. கிணற்றில் விழுந்தவளாக, ரயிலில் அடிபட்டவளாக, மாமியார் கொளுத்தியவளாக, முதலிரவிலேயே பாம்பு கடித்தவளாக, கதாநாயகன் வில்லனாக மாறுவதற்குக் காரணமானவளாக, கதாநாயகன் நல்லவனாக மாறுவதற்குக் காரணமானவளாக, அவள் சானல் சானலாகச் செத்துக் கிடந்தாள். கேமரா எவ்வளவு கிட்டே வந்தாலும் எதுவும் அசையவில்லை. ஸ்டூடியோ வாசல்களில் காவலாளிகள் பாஸ் கேட்காமல் தொப்பியை எடுத்துவிட்டு விலகி நின்றார்கள். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, நாற்காலியைத் தாழ்வாரத்தில் தனியாகப் போட்டார்கள், அவள் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால், ஆகாத இடத்தில் யாரோ இருமிவிட்டதுபோல எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரே ஒரு வரி" என்று பாபுராஜிடம் கேட்டாள். "சாகறதுக்கு முன்னாடி ஒரு வரி பேசிட்டுச் சாகறேனே."

"பொணத்துக்கு எதுக்கும்மா டயலாக்?"

"பொணம் இல்லண்ணே. சாகறதுக்கு முன்னாடி."

"அதுக்கு வேற ஆர்ட்டிஸ்ட் இருக்காங்கம்மா. முன்னாடி அவங்க பண்ணுவாங்க, அப்புறம் நீ பண்ணுவ. உன் மார்க்கெட்டை நீயே கெடுத்துக்காத."

அவர் சொல்வதைக் கேட்காமல் ஒரு படக் கம்பெனி ஆடிஷனுக்குத் தனியாகப் போனாள். கணவனைக் கேள்வி கேட்கிற மனைவியாக, பாதியில் யாருக்கும் போன் வராமல், முழுசாக நடித்துக் காட்டினாள். எதிரே இருந்த இளைஞன் கவனமாகப் பார்த்தான், மரியாதையாகத்தான் சொன்னான்: "வசனம் நல்லாப் பேசுறீங்க. ஆனா முகத்துல உயிர் இல்லையே."

அவள் படியிறங்கி வந்து கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தினாள். கை வலித்தது. ரத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் வந்தது பெரிய படம். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் பங்களா, வாசலில் பந்தல், பாடை, நூறு அழுகைக்காரப் பெண்கள். மரகதவல்லிதான் பிணம். பிணத்தின் தங்கையாக தர்மபுரியிலிருந்து வந்திருந்த யமுனா என்ற புதுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு வரி வசனம் இருந்தது. 'அக்கா, கண்ணைத் திற அக்கா, நான் வந்திருக்கேன்.' அவ்வளவுதான்.

யமுனாவுக்கு வரவில்லை. முதல் டேக்கில் கேமராவைப் பார்த்துவிட்டாள், அடுத்ததில் 'நான் வந்திருக்கேன்' முன்னால் வந்துவிட்டது, அதற்கடுத்ததில் கத்தினாள், அப்புறம் குரலே எழும்பவில்லை. டைரக்டர் மைக்கில் திட்டினார். பாடையில் கிடந்த மரகதவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒரு வரி, தலைமாட்டிலேயே, தன் காதுக்குப் பக்கத்திலேயே, திரும்பத் திரும்ப உடைந்து வீணாகிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து அவளுக்கு வயிற்றிலிருந்து ஒரு எரிச்சல் கிளம்பியது, அது நெஞ்சுக்கு வந்து, தொண்டைக்கு வந்து, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் மாலையோடு எழுந்து உட்கார்ந்து, யமுனாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கண்ணைத் திற. நான் வந்திருக்கேன்."

கத்தவில்லை. வீட்டுக் கூடத்தில் பேசுவதுபோலத்தான் சொன்னாள். அழுகைக்காரப் பெண்கள் நூறு பேரும், கூலிக்கு அழ வந்தவர்கள், உண்மையாகவே விம்மினார்கள். ஒரு லைட்மேன் விளக்கைப் பிடித்தபடியே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். மரகதவல்லியின் நெஞ்சுக்குள், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த மோட்டாரைப் போட்ட மாதிரி, ஒன்று இடித்து, உறுமி, ஓட ஆரம்பித்தது. தாங்க முடியாமல் வலித்தது.

பூந்தோட்டத் தெருவுக்கு இது பின்னால் பெரிய சங்கடமாகத்தான் போயிற்று: காய்ச்சல்காரப் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, "என்னம்மா, எங்களை மாதிரியே சுடுது" என்று மனத்தாங்கலோடு திரும்பிப் போனார்கள், கருமாதி சாப்பிட்ட சொந்தக்காரர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாகப் பேசினார்கள், கொசுவும் கடித்தது. அதெல்லாம் பிறகு. பங்களாவில் அந்த நிமிஷம் டைரக்டர், "கட்" என்று சொல்லக்கூட மறந்து நின்றார், பிறகு சொன்னார். மூக்குப் பஞ்சைச் சரிசெய்ய ஓடிவந்த மேக்கப் பெண் கையை இழுத்துக்கொண்டு, "சார், இவங்களுக்கு மூச்சு வருது சார்" என்றாள்.

"எனக்குப் பேசுற பொணம் வேணாம்யா" என்றார் டைரக்டர். அவர் குரலும் கரகரத்துத்தான் இருந்தது, ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "இந்தத் தங்கச்சிப் பொண்ணு சின்னதாத்தானே இருக்கு, இதையே பாடையில படுக்க வை. அந்த வசனத்தைத் தூக்கிடு."

மாலையைக் கழற்றி யமுனாவுக்குப் போட்டார்கள். அவள் முகத்தில் நீலம் பூசும்போது அவள் சந்தோஷமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். படுத்தாள். மூச்சை அடக்கினாள். அவள் உதட்டில் நிறம் வடிவதை, நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம் ஏறுவதை, அந்த இடத்தில் மரகதவல்லிக்கு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

"அவளை எழுப்புங்க!" என்றாள். "சார், அவ நிஜமாவே—"

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். திரும்ப உள்ளே போகப் பார்த்தால், காலையில் தொப்பியைக் கழற்றிய அதே காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டு, "பாஸ் இருக்கா?" என்றான்.

மதிலுக்கு அந்தப் பக்கம், "சைலன்ஸ்!" என்று யாரோ கத்தினார்கள். தெருவே அடங்கியது. மரகதவல்லி மதிலைப் பிடித்துக்கொண்டு, ஓட ஆரம்பித்து அரைமணி நேரமாகாத நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்து, "யமுனா! கண்ணைத் திற!" என்று கத்தினாள்.

"கட்! யாருய்யா அது, சவுண்டு ஏறுது!"

மறுபடி சைலன்ஸ் என்றார்கள். மறுபடி கத்தினாள். பெயரைச் சொல்லிக் கத்திக் குரல் சலித்தபோது, இரண்டு வருஷமாகப் பாதியில் நிறுத்தப்பட்ட வசனங்களையெல்லாம் எடுத்தாள், கணவனைக் கேள்வி கேட்டாள், கலெக்டரிடம் மனு கொடுத்து வாதாடினாள், காதலனை வழியனுப்பினாள், தகப்பனைத் திட்டினாள், ஒவ்வொன்றையும் கடைசிச் சொல் வரைக்கும் பேசினாள், நடுநடுவே, "யமுனா, மூச்சு விடு!" என்றாள். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். டீக்கடையிலிருந்து கிளாஸோடு வந்து நின்றார்கள். "என்ன படம்க்கா இது?" என்று ஒருவர் கேட்டதற்கு, இன்னொருவர், "ச்சூ, பேசட்டும்" என்றார். காவலாளி பிடித்துத் தள்ள வந்தபோது கூட்டம் நடுவில் நின்றுகொண்டது. உள்ளே டேக் போய்க்கொண்டே இருந்தது, போகிற டேக்கெல்லாம் கெட்டுக்கொண்டே இருந்தது, கடைசியில் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கி, யாரோ விசில் அடித்து, "பேக்கப்!" என்றார்கள்.

யமுனா வெளியே வந்தாள். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. நேராக வந்து மரகதவல்லியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? நாளைக்கு வராதேன்னுட்டாங்க. க்ளோசப் வெச்சிருந்தாங்க எனக்கு, தெரியுமா, க்ளோசப்பு!"

"நீ செத்திருப்ப" என்றாள் மரகதவல்லி. குரல் முழுசாகப் போயிருந்தது.

"செத்தா என்ன? நீங்க சாகலையா? உங்களுக்கு வேலை வரலையா? உங்களைத் தெரியாதவன் யாரு இங்க?"

கேட்கிற கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிப் பழகிய மரகதவல்லி, மாலையின் பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ் ஸ்டாப்தான், வேறு வழியில்லை. சேர்ந்து நடந்தார்கள். யமுனா விடவில்லை, ஆற்காட்டு ரோட்டு ஹாரன்களுக்கு மேலே குரலை உயர்த்தி, அம்மாவிடம் என்ன சொல்வது, ஊருக்கு எந்த முகத்தோடு போவது, நீங்கள் நன்றாகவே இருக்கமாட்டீர்கள் என்று தர்மபுரிப் பேச்சில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்று, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, மார்பு ஏறி இறங்க மூச்சு வாங்கினாள், வாங்கிக்கொண்டு மறுபடி திட்டினாள்.